திண்ணைத் தெருக்களும் நமது செல்வமே

2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் செஞ்சிக்கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டபோது, வல்லம் வட்டாரத்தில் வாழும் நாம் பெருமிதம் கொண்டோம். தகுதியான பெருமைதான். ஆனால் கோட்டையும் கோயிலும் மட்டுந்தானா பாரம்பரியம்? சாதாரண மக்கள் குடியிருக்கும் தெருவுக்கு அதில் இடமில்லையா? இருக்கிறது என்பதற்குப் புதுச்சேரியே சான்று.

புதுச்சேரிக்குச் செல்லும் நம்மில் பலர் கடற்கரையைக் கண்டதும் திரும்பிவிடுகிறோம். (அங்கே காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து நிற்கும் கருங்கல் தூண்கள் நமது செஞ்சியிலிருந்து சென்றவை!) பெரிய வாய்க்காலுக்கு மேற்கேயுள்ள தமிழர் பகுதியை நின்று பார்ப்போர் சிலரே. 1693 முதல் 1699 வரை ஊரை ஆண்ட டச்சுக்காரர் வகுத்த நேரான தெருத் திட்டத்தைப் பிரெஞ்சுக்காரரும் பின்பற்றினர். 1761-இல் ஆங்கிலேயர் நகரை இடித்துத் தள்ளினர். மீண்டும் எழுந்தபோது பழைய தெருக்களின் வழியிலேயே எழுந்தது. நமது உயர் மறைமாவட்டப் பேராலயமான ஜென்மராக்கினி அன்னை ஆலயமும் இப்பகுதியில்தான் உள்ளது. 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையும் இங்கேதான். அதன் கீழ்த்தளத்தில் நம்மவர் மரத்தூண்கள். மேல்தளத்தில் ஐரோப்பியர் பாணித் தூண்கள்.

இங்குள்ள வைசியாள் வீதியில் இன்டாக் அமைப்பினர், அரசு, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியோரின் துணையோடு வீட்டு முகப்புகள் செப்பனிடப்பட்டன. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது அத்தெருவுக்குக் கிடைத்தது. அரண்மனைக்கன்று, வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்கும் தாழ்வாரத்துக்கும் திண்ணைக்கும் கிடைத்த விருது!

எனினும் ஒரு கவலை நமக்குண்டு. அந்நகரின் பழைய வீடுகள் பல இன்று தங்கும் விடுதிகளாகிவிட்டன. சுவருக்குச் சுண்ணாம்பு பூசிவிட்டு, வாசலில் கோலமிட்டவர்களை அனுப்பிவிடுவதா பாதுகாப்பு? குடியிருப்போர் இல்லாத தெரு வெறும் காட்சிப் பொருளே என்பது நமது கருத்து.

வல்லத்திலும் சுற்றுப்புற ஊர்களிலும் ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. பெற்றோரைக் குறை கூறுவதற்கில்லை. மழைக்கு ஒழுகும் கூரையின் கீழ் அடுப்பு மூட்டுபவர் அன்னையரே. ஒரு முற்றத்தை மூன்று சகோதரர்கள் எப்படிப் பங்கிடுவர்? ஓடு மாற்றத் தெரிந்த கொத்தனாரும் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே, பழைய வீட்டில் தொடர்ந்து குடியிருப்போருக்கு வீட்டு வரியில் சலுகையும் பழுதுபார்க்க மானியமும் அரசு வழங்க வேண்டும். விடுதி நடத்துவோருக்கு முன்னதாக இவர்களுக்கே அது கிடைக்க வேண்டும்.

இடித்தே ஆகவேண்டுமென்றால், பெற்றோருக்கு எமது வேண்டுகோள் ஒன்று. தூண்களும் கதவும் பழைய மரக்கடைக்குப் போகுமுன், திண்ணையின் நீள அகலங்களை அளந்து வரைபடமாக்க மாணவியராகிய எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுங்கள். அந்த வீட்டில் யார் யார் பிறந்தனர் என்பதைப் பாட்டியிடம் கேட்டு அதன் அடியிலேயே எழுதிக்கொள்கிறோம்.