மேடையேறாத கொட்டு

அறுபதுகளின் கல்லூரி வாழ்க்கையைப் பாட்டும் கூத்துமான பொற்காலம் என்கிறார்கள். யாருக்குப் பொற்காலம், தோழர்களே?

கோவில்பட்டிக்குக் கல்லூரி வந்ததே 1966இல்தான். அதற்கு முன்பு கரிசக்காட்டுப் பிள்ளைகள் வெளியூர் போய்த்தான் படிக்கணும். நானும் போனேன். ராத்திரி விடுதியில் இலங்கை வானொலி பாடும். விஸ்வநாதன் - ராமமூர்த்தி மெட்டுக்கு மேசையில் தாளம் போடுவோம். 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாயனத்தைக் கேட்டு, "எங்க சீமைச் சத்தம்" என்று மார்தட்டினேன்.

விடுதி விழாவில் ஒருவன் கேட்டான்: "உங்க ஆளுக கொட்டு அடிப்பாகளாமே, ஒரு அடி அடிச்சுக் காட்டுடே." எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தெரியாது என்று பொய் சொன்னேன். எங்கய்யா கொட்டடித்த காசில்தான் நான் படித்தேன்.

1965 இந்தி எதிர்ப்பில் தமிழ், தமிழ் என்று சேர்ந்துதான் கத்தினோம். அந்தத் தமிழிலும் எங்கள் கொட்டுக்கு இடமில்லை.

இன்று பறை கல்லூரி மேடை ஏறிவிட்டது. சந்தோசம். ஆனால் மாணவன் மேடையில் அடித்தால் கலை; அவன் அப்பன் ஊர்ச் சாவுக்கு அடித்தால் சாதித் தொழில். இது என்ன நியாயம்?

காருகுறிச்சியாருக்குக் கோவில்பட்டியில் சிலை இருக்கிறது. இருக்கட்டும். எங்கய்யாவுக்குச் சிலை வேண்டாம். கட்டாயக் கொட்டுக்குப் போகமாட்டேன் என்று சொல்லும் உரிமை வேண்டும். அதைச் சொல்லிவிட்டு, நம் மேடையில், நம் இஷ்டத்துக்கு அடிப்போம். முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் கொண்டாடினால், அது மறுபடியும் அவன் கேட்ட "ஒரு அடி"தான்.