நிழல் விழும், போய்ப் பாருங்க!

தஞ்சைப் பெரிய கோயில் நிழல் தரையில விழாதாம். மறுபடியும் வாட்ஸப்ல வந்திருக்கு. அய்யா சாமி, சாயங்காலம் நாலு மணிக்குப் போய் நில்லுங்க, விமானத்து நிழல் நம்ம தலை மேலயே விழும். உச்சியில 80 டன் ஒரே கல்லுங்கறதும் கதைதான். பல கல் சேர்த்தது.

1010-ல ராஜராஜன் முடிச்ச கோயில். அவன் கொடுத்தது, அக்கா குந்தவை கொடுத்தது, பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பேரு, தளிச்சேரிப் பெண்கள் 400 பேர்ல யாருக்கு எந்த வீடுங்கறது வரைக்கும் கல்லுல வெட்டி வெச்சிருக்கான். அதை ஃபார்வர்ட் பண்ண ஆளில்லை!

எங்க ஊர்க் கோயில்ல கும்பாபிஷேகத்துக்குக் கல்வெட்டு மேலயே பெயிண்ட் அடிச்சாங்க. யாரும் கேக்கலை, நானும்தான். நிழலைத் தேடினது போதும், சுவத்தைப் படிங்கப்பா.