தொட்டி மட்டும் போதாது, பக்கத்துல ஒரு ஆள் வேணும்!



'வாட்டர் பர்த்'னு சொன்னாலே நம்ம ஊர்ல ரெண்டு விதமான பேச்சு. "அதெல்லாம் பணக்காரங்க சமாச்சாரம்" என்பது ஒண்ணு. "வீடியோ பார்த்து வீட்லயே பண்ணிக்கலாம்" என்பது இன்னொண்ணு. ரெண்டுமே தப்பு.

ரெண்டாவது பேச்சு உயிரையே பறிக்கும். 2018 ஜூலையில் திருப்பூரில், யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஓர் இளம் தாய் ரத்தப்போக்கால் இறந்துபோனார். பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் நடக்கணும். இதில் சமரசமே கிடையாது.

ஆனா, சில பெண்கள் ஆஸ்பத்திரின்னாலே ஏன் பயப்படுறாங்கன்னும் கேட்கணும் இல்லையா? திரைகூட இல்லாத லேபர் வார்டு, வலியில் கத்தினா அதட்டல், பெத்த அம்மாவும் கட்டின புருஷனும் கதவுக்கு வெளியே. இந்தப் பயத்தைப் போக்காம, வீட்டுப் பிரசவம் கூடாதுன்னு புத்திமதி மட்டும் சொல்லி என்ன பயன்?

பிரிட்டனைப் பாருங்க. மருத்துவமனைகள் முடிந்தவரை பிரசவத் தொட்டி வசதி தர வேண்டும் என்று 1992-லேயே அந்நாட்டு நாடாளுமன்ற சுகாதாரக் குழு பரிந்துரைத்தது. இன்று அங்கே பல அரசு பிரசவ மையங்களில் தொட்டி இருக்கு. அந்த நாட்டுத் தாய்க்கு அதுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. அப்புறம் எப்படிங்க அது பணக்காரங்க சமாச்சாரம் ஆகும்?

எல்லாருக்கும் இது ஒத்துவராது. ரத்த அழுத்தம், இரட்டைக் குழந்தை, குறைமாதம் மாதிரி சிக்கல் உள்ளவங்களுக்குப் பொதுவா தர மாட்டாங்க. தண்ணீர் 37.5 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்த்துக்கிட்டே இருக்கணும். மிட்வைஃப் "எழுந்திருங்க"ன்னு சொன்னா உடனே எழுந்திடணும். குழந்தை தண்ணீருக்கு வெளியே பிறப்பதே நல்லது என்கிறது அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பு. பயிற்சி பெற்றவர்கள் இருந்தால் தண்ணீரிலேயே பிறக்கலாம் என்கிறது பிரிட்டன். ஆனா, வலி எடுக்கும் நேரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் உதவும் என்பதை ரெண்டு தரப்புமே ஏத்துக்குது.

அந்தத் தண்ணிக்குப் பக்கத்துல யார் இருக்காங்க? அதுதான் முக்கியம். இடுப்பை நீவிவிட, ஒரு வாய் தண்ணி குடுக்க, கையைப் பிடிச்சுக்க, "இன்னும் கொஞ்ச நேரம்தான்மா"ன்னு சொல்ல, தொட்டியை விட்டு எழும்போது தாங்கிப் பிடிக்க ஒரு ஆள் வேணும். தாய் விரும்பும் ஒருவர் பிரசவம் முழுக்கக் கூடவே இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 2018-ல் பரிந்துரைத்தது. இப்படித் துணை இருந்தால் பிரசவ நேரம் குறையுது, சிசேரியனும் குறையுதுன்னு ஆய்வுகள் சொல்லுது.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு இது புதுசு இல்லை. பிரசவத் துணையை அனுமதிக்கும் திட்டம் இங்கே 20 ஆண்டுகளுக்கு முன்பே வந்தாச்சு. எல்லா வார்டிலும், எல்லா ஷிப்டிலும் அது நடக்குதா என்பதுதான் கேள்வி.

அதனால நாம கேட்பது இதுதான்:

🔹 எந்த அரசு மருத்துவமனையிலும் துணையை வெளியே நிறுத்தக் கூடாது. கட்டிலுக்குக் கட்டில் திரை கட்டாயம்.

🔹 மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல்படி, 18 மாதம் மிட்வைஃப் பயிற்சி முடித்த செவிலியர்கள் போதுமான எண்ணிக்கையில் வேணும்.

🔹 முதல்ல ஒவ்வொரு லேபர் வார்டிலும் வெந்நீர் ஷவர். அடுத்து, பயிற்சி பெற்ற ஆளும் அவசர ஆபரேஷன் வசதியும் உள்ள பெரிய மருத்துவமனைகளில் பிரசவத் தொட்டி.

திரைக்கும் வெந்நீருக்கும் கோடி கோடியா செலவாகாது. துணைக்கு ஒருத்தரை உள்ளே விட காசே வேண்டாம், மனசு இருந்தா போதும்.

உங்க ஊர் அரசு மருத்துவமனையில் பிரசவத் துணையை உள்ளே விடுறாங்களா? கமெண்ட்ல சொல்லுங்க தோழர்களே. வீட்ல கர்ப்பிணி இருந்தா, யார் கூட இருக்கணும்னு அவங்ககிட்டயே இப்பவே கேளுங்க.

#தாய்க்குத்துணை #மரியாதையானபிரசவம்