முகப்பின் இருபுறமும் நியாயம் வேண்டும்



சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய சலவை இயந்திரம் இரண்டே வாரத்தில் பழுதாகிறது. கடைக்குப் போனால், "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற அறிவிப்பைக் காட்டுகிறார்கள். நம்மவர் வாய் திறக்காமல் வீடு திரும்புகிறார். ஏன் திரும்ப வேண்டும்?

1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் தரத்திற்கு உத்தரவாதம் தருகிறது. சுவரில் ஒட்டிய காகிதம் அந்த உரிமையைப் பறிக்க முடியாது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை 5 வெள்ளி கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலேயே, பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் பதிவு செய்யலாம். இரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

முகப்பின் மறுபுறம் நிற்பதும் பல வேளைகளில் நம் வீட்டுப் பிள்ளைதான். தம்பி, தங்கைகளே! முதலாளி சொன்னார் என்பதற்காக, இருக்கும் உரிமையை இல்லை என்று சொல்வது பொய் அல்லவா? காரில் வந்தவருக்கு மாற்றுப் பொருள், தொழிற்சாலைச் சீருடையில் வந்தவருக்குச் சுவர் அறிவிப்பு என்றால் அது நியாயமா? எதிரே நிற்பது என் அம்மாவாக இருந்தால் என்ன செய்வேன் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். முடிவு உங்கள் கையில் இல்லையென்றால் மேலாளரிடம் எடுத்துச் சொல்லுங்கள். வந்தவரிடம் உண்மையை மறைக்காதீர்கள்.

நமக்காகக் கேட்கும் நியாயத்தை நாமும் பிறருக்குக் கொடுப்போம்.