மூன்று பயிற்றுவிப்பாளர்கள், மூன்று எட்டாமிடம்

இந்தியன் சூப்பர் லீக்கில் 2020-21 பருவகாலத்தை சென்னையின் எஃப்சி எட்டாம் இடத்தில் முடித்தது. பயிற்றுவிப்பாளர் சாபா லாஸ்லோ போனார். மொன்ரனீக்ரோவில் இருந்து போஜிதார் பந்தோவிச் வந்தார். 2021-22 இலும் எட்டாம் இடம். அவரும் போனார். ஜெர்மனிக்காரர் தோமஸ் பிர்டாரிச் வந்தார. 2022-23 இல் என்ன இடம் எண்டு நான் சொல்லத் தேவையில்லை.

"தோத்தா கோச்சை மாத்து" எண்டு கதைக்கிற ஒவ்வொருத்தருக்கும் இந்த மூன்று வருஷத்தையும் ஒரு துண்டில் எழுதிக் குடுக்கலாம். ஆனா அதை மட்டும் குடுத்தா அதுவும் அரைவாசி உண்மைதான். இதே கழகம் பயிற்றுவிப்பாளரை மாத்தி இறுதிப்போட்டி வரைக்கும் போயிருக்கு. மாத்தாமல் விட்டு கிண்ணம் தூக்கியிருக்கு. மாத்தாமல் விட்டு கடைசி இடத்துக்கும் விழுந்திருக்கு.

எங்கட பெடியளுக்கு இந்த விஷயம் மன்செஸ்டர் யுனைட்டெட் கதையாத்தான் தெரியும். 2013 இல் ஃபெர்குசன் போனதில் இருந்து மோயஸ், வான் ஹால், மொரின்யோ, சோல்ஷர், டென் ஹாக் எண்டு வரிசையா வந்து போனார்கள். 2024 நவம்பரில் அமோரிம் வந்தார், அந்தப் பருவகாலம் 15 ஆம் இடத்தில் முடிஞ்சது. யுனைட்டெட்டை வைத்துக் கதைக்கத் தொடங்கினா எங்கட விடுதியில் அது சண்டையில்தான் போய் நிக்கும். அவ்வளவு காசுள்ள கழகத்திட்ட இருந்து நாங்கள் எடுக்கக்கூடிய பாடமும் குறைவு. அதால கடலுக்கு அங்கால இருக்கிற சென்னையைப் பார்ப்பம்.

2015 இல் பயிற்றுவிப்பாளர் மார்கோ மாற்றராசி. 2006 உலகக்கிண்ண இறுதிப்போட்டியில் சிடான் தலையால் நெஞ்சில் முட்டினாரே, அவரேதான். லீக்கில் மொத்தம் 14 மெச். பத்து மெச் முடிய அணியிடம் இருந்தது 10 புள்ளி. அட்டவணையின் அடியில் கிடந்தது. கழகம் அவரில் கைவைக்கவில்லை. மிச்சம் இருந்த நாலு மெச்சையும் வென்று அரையிறுதிக்குப் போனார்கள். அந்த டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தபடியால் சொந்த மண்ணில் ஆடவேண்டிய அரையிறுதியைப் புனேயில் போய் ஆடினார்கள். கொல்கத்தா அணியை 3-0 என வென்றார்கள். டிசம்பர் 20, கோவாவில் இறுதிப்போட்டி. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் கோவா 2-1 என்று முன்னால். பிறகு கோவாவின் கோல்காப்பாளர் கட்டிமணியின் சொந்தக் கோல் ஒன்று, மேலதிக நேரத்தில் ஸ்டிவன் மென்டோசாவின் கோல் ஒன்று. 3-2. அந்தப் பருவகாலம் மென்டோசா அடிச்சது 13 கோல், தங்கப் பாதணியும் அவருக்குத்தான். இப்படி ஒரு ஆள் முன்னுக்கு நிக்கிற அணி பத்து மெச்சில் ஆறைத் தோத்தா, அணி கூடாது எண்டு சொல்ல ஏலாது. முடிவுகள்தான் கூடாமல் இருந்தது. பொறுத்தது சரி.

அடுத்தது பொறுத்துக் கெட்ட கதை. 2018 மார்ச் 17 இல் ஜோன் கிரகரி பெங்களூர் அணியை அவர்களுடைய மைதானத்திலேயே 3-2 என வென்று ரெண்டாவது கிண்ணத்தைக் கொண்டுவந்தார். அதற்கடுத்த பருவகாலத்தில் அதே கழகம் 18 மெச்சில் வென்றது இரண்டே இரண்டு. 9 புள்ளி, பத்து அணிகளில் பத்தாவது. நடுக்களத்தில் நம்பியிருந்த வியாசர்பாடிப் பெடியன் தனபால் கணேஷ் காயத்தால் இல்லை எண்டது உண்மை. அதுக்காக நடப்புச் சம்பியன் கடைசி இடத்துக்கு வரவேணும் எண்டு இல்லை. கிரகரியைக் கடைசிவரை வைத்திருந்தது நன்றிக்கடன் எண்டுதான் எனக்குத் தெரியுது. நன்றிக்கு ஒரு பாராட்டு விழா வைக்கலாம். முழுப் பருவகாலத்தையும் எழுதிக் குடுக்கிறது அதிகம்.

அதோட முடியவும் இல்லை. 2019-20 ஐயும் அவரோடயே தொடங்கினார்கள். முதல் நாலு மெச்சில் ஒரு கோல்கூட இல்லை. ஆறாவது மெச் முடிய, நவம்பர் கடைசியில், கிரகரி விலகினார். ஓவன் கொய்ல் வந்தார். இங்கிலாந்தில் பேர்ன்லி, போல்டன் கழகங்களைப் பிரீமியர் லீக்கில் நடத்தின ஆள். வந்த பிறகு நடந்ததை இப்ப பார்த்தாலும் நம்ப ஏலாது. கொச்சியில் போய் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு 6-3. லீக்கில் நாலாம் இடம். அரையிறுதியில் கோவாவை ரெண்டு மெச்சும் சேர்த்து 6-5. 2020 மார்ச் 14, கொரோனாவால் ஒரு சனமும் இல்லாத மைதானத்தில் இறுதிப்போட்டி. ஏரிகேயிடம் 3-1 எனத் தோல்வி. லித்துவேனியாக்காரர் நெரியுஸ் வல்ஸ்கிஸ் 15 கோல், தங்கப் பாதணி.

மாத்தச் சொல்லுகிறவர்கள் எல்லாரும் இந்தப் பருவகாலத்தைத்தான் மனதில் வைத்துக் கதைக்கிறார்கள். நானும் சொல்றன், அந்த மாற்றம் நூற்றுக்கு நூறு சரி. ஏன் சரி எண்டதுதான் கேள்வி. வல்ஸ்கிஸும் ரஃபாயல் கிரிவெல்லாரோவும் கொய்ல் கூட்டிக்கொண்டு வந்த ஆட்கள் இல்லை, கிரகரியின் காலத்திலேயே அணியில் இருந்தவர்கள். ஆள் இருந்தது. பன்னிரண்டு மெச் மிச்சம் இருந்தது, அதாவது நேரமும் இருந்தது. போனவருக்குப் பதிலாக அவரைவிட உருப்படியான ஒருத்தர் கையில் இருந்தார். இந்த மூன்றும் ஒண்டா வாறது அபூர்வம்.

அபூர்வம் எண்டதுக்கு சாட்சி அடுத்த வருஷமே வந்தது. கொய்ல் ஜம்ஷெட்பூருக்குப் போனார், வல்ஸ்கிஸும் பின்னால் போனார். கிரிவெல்லாரோ பருவகாலத்தின் நடுவில் காயப்பட்டார். கோல் அடிக்கிறவனும் இல்லை, பந்து குடுக்கிறவனும் இல்லை. லாஸ்லோவின் அணி 20 மெச்சில் 11 ஐச் சமப்படுத்தியது. அதை அவருடைய பயந்தாங்கொள்ளித்தனம் எண்டு சொன்னவர்கள் உண்டு. வல்ஸ்கிஸ் இல்லாத அணிக்கு பெப் கார்டியோலா வந்திருந்தா ஆறு ஏழு சமநிலை குறைஞ்சிருக்கலாம், கிண்ணம் வந்திருக்காது. அந்தப் பக்கத்தில் ஜம்ஷெட்பூர் கொய்லோட 2021-22 இல் லீக் ஷீல்டை வென்றது. கொண்டுவரத் தெரிஞ்ச கழகத்துக்கு வைத்திருக்கத் தெரியவில்லை.

பந்தோவிச்சுக்கு நடந்தது இன்னும் மோசம். 2022 பெப்ரவரியில் கோவாவிடம் 5-0 எனத் தோற்ற கையோட அவரை எடுத்தார்கள். சென்னைக்காரர் சபீர் பாஷா இடைக்காலமாக நின்றார். பருவகாலத்தின் வால்தான் மிச்சம், அதில அவர் என்ன செய்ய ஏலும்? எட்டாம் இடம். ஐந்து கோல் வாங்கின கோபத்துக்கு ஒரு ஆளைக் காட்டினதைத் தவிர அந்த மாற்றத்தில் வேறு ஒன்றும் இல்லை.

2023 இல் கொய்லைத் திருப்பிக் கூட்டிவந்தார்கள். ஆறாம் இடம், பிளேஓஃப். அடுத்த வருஷம் 13 அணிகளில் பதினோராம் இடம். கவனியுங்கோ, அதே மனிசன். 2020 இல் இறுதிப்போட்டி, 2025 இல் பதினொன்று. அவருக்குத் தெரிஞ்ச உதைபந்தாட்டம் அஞ்சு வருஷத்தில் கரைஞ்சு போனதா?

தோல்விக்குப் பிறகு புதுப் பயிற்றுவிப்பாளர் வந்தா அணி கொஞ்சம் எழும்பும் எண்டு எல்லாரும் நம்புறம், கண்ணாலயும் பார்க்கிறம். நெதர்லாந்தில் பாஸ் டெர் வீல் என்ற பொருளியலாளர் அந்நாட்டு லீக்கின் 1986 முதல் 2004 வரையான பருவகாலங்களை எடுத்து இதை ஆராய்ந்தார். மாத்தின கழகங்கள் எழும்பினது உண்மை. அதே அளவு சரிவில் இருந்தும் மாத்தாத கழகங்களும் அதேமாதிரி எழும்பின. மருந்து குடிச்சா ஒரு கிழமையில் மாறும், குடிக்காட்டி ஏழு நாளில் மாறும் எண்டு தடிமனுக்குச் சொல்லுறதுதான். ஆள் மாறின பிறகு வென்றா ஆள் மாறினதால வென்றது எண்டு நினைக்கிறம். அந்த வெற்றி எப்படியும் வரவிருந்ததாக இருக்கலாம்.

இன்னொன்று. இந்தப் பத்து வருஷத்தில் சென்னையில் எத்தனையோ பயிற்றுவிப்பாளர்கள் வந்து போனார்கள். அபிஷேக் பச்சன், தோனி, வீட்டா டானி ஆகிய உரிமையாளர்கள் அங்கேயேதான். தோனியை மாத்துங்கோ எண்டு ஆரும் கத்தினதாத் தெரியவில்லை. ஆளைத் தெரிவு செய்தவர் நிக்க, தெரிவு செய்யப்பட்டவர் மட்டும் போறார். 2025 இல் கொய்லுக்குப் பிறகு கிளிஃபர்ட் மிராண்டாவை எடுத்தார்கள். 2023 இல் ஒடிஷாவுக்கு சூப்பர் கிண்ணம் வென்று குடுத்தவர், எனக்குப் பிடிச்ச தெரிவு. ஆனா அந்த வருஷம் இந்தியச் சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்தின நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்த இழுபறியில் லீக்கே தொடங்கவில்லை. 2026 பெப்ரவரியில்தான் பந்து உருண்டது. மெச்சே இல்லாத இடத்தில் நல்ல பயிற்றுவிப்பாளர் என்ன, கூடாத பயிற்றுவிப்பாளர் என்ன?

இது எங்களுக்குப் புதுசில்லை. 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கையைத் தடை செய்தது, ஓகஸ்ட் வரை தேசிய அணிக்குச் சர்வதேச மெச் இல்லை. அது மைதானத்துக்கு வெளியில் வந்த வினை. பிறகு குவைத்காரர் அப்துல்லா அல் முத்தைரி வந்தார், முடிவுகள் மாறின. 2025 ஜூனில் கொழும்பில் சைனீஸ் தாய்ப்பேயை 3-1 என வென்றம். அவர் கெட்டிக்காரர்தான். ஆனா அவரோட அணியும் மாறியது. சுவீடனில் வளர்ந்த ஆதவன் ராஜமோகன் போல வெளிநாட்டில் வளர்ந்த பெடியள் ஒரு கூட்டமா உள்ளுக்கு வந்தார்கள். பயிற்றுவிப்பாளரின் பேரை மட்டும் கொண்டாடினா இந்தப் பாதி மறைஞ்சு போகும். இன்னொரு பாதியும் மறையும்: மன்னாரில் இருந்து தேசிய அணிக்குப் போன, 2022 இல் மாலைதீவில் விளையாடிக்கொண்டிருந்த காலத்தில் எங்களை விட்டுப்போன டக்சன் பியூஸ்லஸ் போன்றவர்கள் எங்கட மணலில் இருந்துதான் வந்தார்கள். அப்படியானவர்களுக்கு முதன்முதல் பந்தைத் தட்டிக் காட்டினவர்களுக்கு ஆரும் சம்பளம் குடுக்கிறதில்லை.

நான் இதை இப்ப எழுதுறதுக்குக் காரணம் எங்கட ஊர்க் கழகம். இந்த வருஷம் மூன்று சுற்றுப்போட்டி, மூன்றிலும் முதல் சுற்றோட வெளியில். வட்ஸ்அப் குழுவில் ரெண்டு கிழமையா ஒரே கதை: அண்ணையை மாத்தவேணும். அண்ணை கடற்தொழில் செய்யிறவர். 2007 இல் முள்ளிக்குளமே எழும்பிப்போய், 2012 இல் மலங்காட்டில் வந்து இருந்த நேரத்தில் எங்களைப் போல சின்னப்பெடியளைச் சேர்த்து விளையாட வைத்தவர். அதுக்காக அவர் சாகும்வரை பயிற்றுவிப்பாளரா இருக்கவேணும் எண்டு நான் சொல்லவில்லை. கிரகரியின் கதையை மேலே எழுதிவிட்டு இங்கே வேற நியாயம் கதைக்க ஏலாது. அண்ணையில் பிழையும் இருக்கு. பின்னுக்கு இருந்து முன்னுக்குத் தூக்கி அடிக்கிறதைத் தவிர வேற ஒண்டும் சொல்லித்தாறதில்லை. எழுபதாவது நிமிஷம் வரைக்கும் ஆளை மாத்தமாட்டார்.

ஆனா கொய்லுக்கு இருந்த மூன்றையும் இங்கே வைத்துப் பாருங்கோ. ஆள் இருந்ததா? தோத்த மூன்று மெச்சில் ஒண்டிலகூட முழு அணி இறங்கவில்லை. சோழகம் தொடங்கினதும் பாதிப்பேர் வேற கரைக்குத் தொழிலுக்குப் போய்ட்டாங்கள். கோல்காப்பாளர் கொழும்பில் வேலை. ரெண்டாவது மெச்சுக்கு விங்கில் ஆடினது எங்கட மச்சான், அவன் கிரிக்கெட் காரன். பின்னேரப் பயிற்சிக்கு வந்தவர்களை எண்ணினா ஒரு கையில் அடங்கும். குழுவில் "மாத்து" எண்டு எழுதுறவர்களை எண்ண ரெண்டு கையும் காணாது. நேரம் இருக்கா? இருக்கு, அடுத்த சுற்றுப்போட்டிக்கு மாதக்கணக்கு இருக்கு. பதிலுக்கு ஆள் இருக்கா? இதுக்கு இதுவரைக்கும் குழுவில் ஒருத்தரும் மறுமொழி போடவில்லை.

என்ர வாக்கு, இந்த முறை மாத்தக்கூடாது எண்டதுக்கு. வாடைக்காலத்தில் ஆட்கள் திரும்பி வந்து, முழு அணியோட இறங்கி, பிறகும் முதல் சுற்றில் தோத்தா நானே கை தூக்குவன். அதுவரைக்கும் அண்ணைக்குக் கீழ ஒரு உதவியாளரைப் போடலாம். கழகக் காசில் புது ஜேர்சி அடிக்கிற யோசனையை நிறுத்தி, அந்தக் காசில் ஒருத்தரைப் பயிற்றுவிப்பாளர் பாடநெறி ஒண்டுக்கு அனுப்பலாம். ஜேர்சி பழசா இருந்தாலும் கோல் விழும்.

கூட்டம் வாற ஞாயிறு, பூசை முடிய. மாத்தச் சொல்லிக் கை தூக்கிறவர்கள், திங்கள் பின்னேரம் நாலரைக்கு விசிலோட மைதானத்துக்கு வாறது ஆர் எண்ட பேரையும் சேர்த்துச் சொல்லுங்கோ.