திமிங்கலம் கண்டோம், காட்டுமாடு கண்டோமா?

சென்ற கோடை விடுமுறை முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பலிக்குப் பின் ஆலய முற்றத்தில் நண்பர் ஒருவர் ஒளிப்படங்களைக் காட்டிக்கொண்டிருந்தார். மனைவி மக்களோடு இலண்டன் சென்று, அங்குள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைக் கண்டு வந்திருந்தார். 1881இல் திறக்கப்பட்ட அம்மாளிகையின் நடுக்கூடத்தில், 2017 முதல் நீலத் திமிங்கலம் ஒன்றின் எலும்புக்கூடு தொங்குகிறது. நீளம் 25 மீட்டர். 1891இல் அயர்லாந்துக் கரையில் ஒதுங்கி மாண்ட திமிங்கலம் அது. “ஆறு மாதம் திட்டம் போட்டுப் போனோமுங்க” என்றார் நண்பர். உண்மைதான். எந்த வாயிலில் நுழைவது, எங்கே உண்பது, எந்தக் கூடத்திற்கு எத்தனை நிமிடம் என்றெல்லாம் எழுதி வைத்திருந்தார்.

“நம் ஊர்க் காஸ் அருங்காட்சியகத்தைக் குழந்தைகள் பார்த்திருக்கிறார்களா?” என்று கேட்டேன்.

“அது எங்கே இருக்குதுங்க?” என்றார்.

அவர் குடியிருப்பது ஆர்.எஸ். புரத்தில். கௌலி பிரவுன் சாலையில் நாள்தோறும் காலையில் உலவி வருபவர். அச்சாலையை ஒட்டிய வனக் கல்லூரி வளாகத்திற்குள்தான் 1902இல் தொடங்கப்பட்ட அந்த அருங்காட்சியகம் இருக்கிறது. ஹோரஸ் ஆர்ச்சிபால்ட் காஸ் என்ற வன அதிகாரியின் பெயரைத் தாங்கி, நூற்றாண்டையும் கடந்து நிற்கிறது.

நண்பரை நான் குறை கூறவில்லை. இலண்டன் செல்வதும் குற்றமன்று, வாய்ப்புள்ளவர்கள் செல்லட்டும். ஆனால் தொலைவில் உள்ளதே அறிவு, பெரிதாக உள்ளதே காட்சி என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் சொல்லிக் கொடுக்கிறோமே, அதைத்தான் எதிர்க்கிறேன். டைனோசரின் வகைகளை ஒரே மூச்சில் ஒப்பிக்கும் கோவைச் சிறுவனுக்குத் தேக்கையும் ஈட்டியையும் வேறுபடுத்தத் தெரியவில்லை. இதை யாரிடம் முறையிடுவது?

“செத்த விலங்கைப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது? தொலைக்காட்சியில் உயிரோடு ஓடுவதையே பார்க்கலாமே” என்பார் உண்டு. திரையில் யானையும் எலியும் ஒரே அளவுதான். காஸ் அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்துள்ள காட்டுமாட்டின் எதிரே ஒரு குழந்தையை நிறுத்திப் பாருங்கள். அதன் தோள் உயரத்தைக் கண்ட குழந்தை தன் உயரத்தை முதன்முறையாக உணரும். முழங்காலுக்குக் கீழே காலுறை அணிந்ததுபோல் வெளுத்திருப்பதைக் கவனிக்கும். இதை நாம் காட்டெருமை என்கிறோம். ஆனால் இது எருமை இனமே அன்று, பசுவின் இனம். காங்கயம் காளையைப் பார்த்து வளர்ந்த நம் மண்ணின் குழந்தை உடனே கேட்கும்: “இதற்குத் திமில் எங்கே?” காளையின் திமில் தசையால் ஆனது; காட்டுமாட்டின் முதுகு மேட்டையோ முதுகெலும்பிலிருந்து உயர்ந்தெழும் முள்ளெலும்புகள் தாங்குகின்றன. ஒரு நல்ல கேள்வியும் ஒரு நல்ல விடையும் கிடைத்துவிட்டால் அன்றைய பயணம் நிறைவேறிவிட்டது.

“வெள்ளைக்காரன் காட்டை வெட்டுவதற்காகச் சேர்த்த மரத்துண்டுகள்தானே” என்பார் வேறு சிலர். ஆம், அதையும் குழந்தைக்குச் சொல்லத்தான் வேண்டும். கப்பலுக்கும் இரயில் தண்டவாளத்தின் அடிக்கட்டைக்கும் ஆனைமலைத் தேக்கு சரிந்த கதை அந்த மரத்துண்டுகளில் இருக்கிறது. வெட்டிய மரங்களை மலையுச்சியிலிருந்து சறுக்கிவிட்ட இடமே டாப்சிலிப் என்று பெயர் பெற்றது. வெட்டி மொட்டையான அதே மலையில் தேக்கை மீண்டும் வளர்த்தவர் ஹியூகோ வுட். 1933இல் மறைந்த அவ்வன அதிகாரியின் கல்லறை இன்றும் அங்கே தேக்கு மரங்களிடையே இருக்கிறது. அழித்த கதையையும் ஆக்கிய கதையையும் சேர்த்தே சொல்வதுதான் வரலாறு. காலையில் அருங்காட்சியகத்தில் மரத்துண்டைத் தொட்ட குழந்தையை, அடுத்த விடுமுறையில் டாப்சிலிப்பிற்கு அழைத்துச் சென்று, நிற்கும் மரத்தைக் காட்டுவதற்கு ஆறு மாதத் திட்டம் வேண்டியதில்லை.

பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதும் தகாது. புதுதில்லியில் 1978இல் திறக்கப்பட்ட தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், 2016 ஏப்ரல் 26 அன்று தீக்கிரையானது. ஆண்டாண்டாகச் சேர்த்தவை ஓர் இரவில் சாம்பலாயின. பிறகு பார்க்கலாம் என்றிருந்தவர்களுக்கு அந்தப் பிறகு வரவேயில்லை.

காடும் காத்திருக்காது. 2021 நவம்பரில் நம் மாவட்டத்து நவக்கரை அருகே இரயில் மோதி மூன்று யானைகள் மாண்டன. நாளை அந்த வழித்தடத்தைப் பற்றி முடிவெடுக்கப் போகிறவர்கள் இன்றைய பள்ளிப் பிள்ளைகள். யானையைக் கண்காட்சிப் பொருளாக மட்டுமே அறிந்தவன் யானைக்கு வழி விடுவானா?

ஆகவே பெற்றோரே, திட்டமிடுங்கள். ஆனால் வேறு விதமாகத் திட்டமிடுங்கள். திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் பார்த்து முடிக்க வேண்டும் என்ற வெறி வேண்டாம். ஒரு விலங்கு, ஒரு மரம், ஒரு பூச்சி, இம்மூன்று போதும். ஒவ்வொன்றின் முன்னும் கால் மணி நேரம் நில்லுங்கள். கையில் ஒரு குறிப்பேடும் பென்சிலும் இருக்கட்டும். படம் கோணலாக வந்தாலும் குழந்தையே வரையட்டும். உங்களுக்கு விடை தெரியாத கேள்வியைக் கேட்டால், தெரியாது என்று சொல்லுங்கள், சேர்ந்து தேடுங்கள்.

இவ்வளவும் எழுதும் நான் குற்றமற்றவன் அல்லன். என் தந்தை தச்சுத் தொழில் அறிந்தவர். கட்டையின் மணத்தை வைத்தே மரத்தின் பெயரைச் சொல்வார். செக்குக்கு வாகை ஏன், கதவுக்குத் தேக்கு ஏன் என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த மரத்துண்டுகளுக்கு முன்னால் அவரை ஒருநாள் நிறுத்தியிருந்தால், பெயர்ப்பலகையில் இல்லாத எத்தனையோ செய்திகளைச் சொல்லியிருப்பார். அரை மணி நேரப் பேருந்துப் பயணம். நான் அழைத்துச் செல்லவில்லை. இன்று அவர் இல்லை.

அன்று ஆலய முற்றத்தில் நண்பருக்குப் பக்கத்தில் அவருடைய தந்தையும் நின்றிருந்தார். காங்கயம் பக்கத்து விவசாயி; மாட்டின் பல்லைப் பார்த்து வயது சொல்லக்கூடியவர். இலண்டன் பயணத்தில் அவர் இல்லை. வீட்டுக் காவலுக்கு இருந்தார். பேரன் நீட்டிய திமிங்கலப் படத்தை வாங்கி, “இது என்ன தின்னும் சாமி?” என்று கேட்டார். அத்தனை கூடங்களையும் சுற்றி வந்த குடும்பத்தில் எவரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை. விடையும் எவருக்கும் தெரியவில்லை.

நண்பரே, அடுத்த சனிக்கிழமை கௌலி பிரவுன் சாலைக்குச் செல்லுங்கள். இம்முறை ஐயாவையும் அழைத்துச் செல்லுங்கள்.