நுரையீரல் படத்தில் இருதயம்!

நுரையீரலைப் பார்க்க "ஸ்கேன்" எடுக்கிறார்கள். அந்தப் படத்தில் இருதயமும் விழுகிறது. ஆனால், அதை யார் பார்க்கிறார்கள்?

1895-ல் ஜெர்மன் விஞ்ஞானி ராண்ட்ஜன் "எக்ஸ்ரே"யைக் கண்டுபிடித்தார். அதில் நிழல்தான் தெரியும். இருதயத்தின் நிழல் மார்பின் அகலத்தில் பாதிக்கு மேல் போனால், இருதயம் பெருத்திருக்கலாம் என்று டாக்டர் சந்தேகிப்பார்.

"சி.டி. ஸ்கேன்" 1971-ல் வந்தது. உடம்பை வாழைத்தண்டு அரிந்தாற்போல வில்லை வில்லையாகக் காட்டும். இருதயத்தின் ரத்தக் குழாயில் கொழுப்பு அடைத்து, சுண்ணாம்புச் சத்து படிந்திருந்தால், எலும்பைப் போல வெள்ளையாகத் தெரியும். வெற்றிலைப் பெட்டியில் சுண்ணாம்பு காய்ந்து ஒட்டிக்கொள்கிறதே, அப்படி!

2020, 2021-ல் கொரோனாவுக்குப் பயந்து பலர் நெஞ்சு ஸ்கேன் எடுத்தார்கள். அந்த உறை உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறதா? தூசி தட்டி எடுங்கள். "குழாயில் சுண்ணாம்பு தெரிகிறதா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். ஸ்கேன் அறிக்கை எழுதுவோரும் இதற்கு ஒரு வரி ஒதுக்க வேண்டும். அதற்குச் செலவு இல்லை.

இதற்காகப் புதிதாக ஸ்கேன் எடுக்க ஓடாதீர்கள். பணமும் போகும், கதிரும் உடம்பில் ஏறும். படத்தில் சுண்ணாம்பு இல்லை என்றால் ஆபத்தே இல்லை என்றும் அர்த்தம் அல்ல.

நெஞ்சு வலி வந்துவிட்டால் கதை வேறு. "வாயு" என்று சோடா குடித்துப் படுக்கக் கூடாது. அப்போது முதலில் வேண்டியது "இ.சி.ஜி."தான்.

மணமேல்குடியில் இருந்து புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் "இதயம் காப்போம்" திட்டம் 2023-ல் வந்திருக்கிறது. முதல் மாத்திரைகளை அங்கேயே கொடுப்பார்கள். வாங்கி விழுங்கிவிட்டு, 108 வண்டியில் ஏறுங்கள்.